வலம் மட்டுமே வந்த வண்டி

ஷாக் அப்சார்பரில் ஒரு திருகு இருந்துவிட்டால் போதும், மெக்கானிக் தம்பிகளா, உங்களுக்கெல்லாம் கை பரபரக்கிறது. வண்டி வந்து நின்றதும் நிற்காததுமாகக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு எத்தனை கிளிக் வெக்கணும்?" என்கிறீர்கள். போன வாரம் ஒரு தம்பி இதைக் கேட்க என் வீட்டுக்கே வந்துவிட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் கேட்ட வண்டியை யார் ஓட்டுகிறார்கள், எங்கே ஓட்டுகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "அது எதுக்குண்ணே?" என்கிறான். காப்பி கொடுத்து உட்கார வைத்துத் தாமோதரன் வண்டியின் கதையைச் சொன்னேன். அவன் வாய் சும்மா இராது, நாளைக்கே உங்கள் எல்லாருக்கும் பாதியை விட்டு, மீதியைத் தப்பாகச் சொல்வான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி எனக்கு ஒரு ஷெட் இருந்தது. பஸ்ஸும் லாரியும்தான் என் பிழைப்பு. தாமோதரன் குடும்பத்துக்குப் பட்டுப் புடவைக் கடை, அவர்கள் கடை வேன் என்னிடம்தான் வரும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், தலைமுறை தலைமுறையாகப் பட்டு வியாபாரம். தாமோதரனுக்கு என் வயதுதான். நல்ல மனிதர், ஆனால் வண்டி என்றால் பித்து. யாரோ ஒரு தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கை மாறிக் கை மாறி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். பச்சை நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரை தட்டும். வயசான வண்டி, ஆனாலும் சக்கரம் நான்குக்கும், திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி இறுக்கித் தளர்த்துகிற ஷாக் அப்சார்பர் போட்டிருந்தது. எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கை ஆட விடாமல் அடக்கும். இதற்கு மேல் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை.

மெட்ராஸைத் தாண்டி ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் இந்த வண்டியை ஓடவிட வேண்டும் என்பது தாமோதரனின் ஆசை. தானே ஓட்டத்தான் நினைத்தார். அவருடைய அம்மா விடவில்லை. ஒரே பிள்ளை, பந்தயத்தில் உட்காரக் கூடாது என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிவிட்டார். அப்போது கிடைத்தவன்தான் சாமுவேல்.

சாமுவேல் என் ஊர்க்காரன், முசரவாக்கம். ஊர் என்றால் நான் இந்தப் பக்கம், அவன் வீடு தோப்பைத் தாண்டி அந்தப் பக்கம். ஷெட்டில் அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெல் லாரியில் மாற்று ஓட்டுநராக, கூப்பிட்ட நாளைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் லாரியும் பூ மாதிரி போகும். அவனைப் பார்த்துவிட்டுத் தாமோதரன் சொன்னார்: "இந்தப் பந்தயத்த ஒழுங்கா ஓட்டி முடிச்சுக் குடு சாமுவேலு. கடை வேன் உன்னுது, நெரந்தர வேல." சாமுவேல் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வேலை ஆரம்பமானது. திருகைத் திருப்புவது தாமோதரனே. அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், கை சுத்தமும் உண்டு. நான் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவேன். சாமுவேல் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். விடிகாலையில் மட்டும்தான் ஓட்ட முடியும். எங்கே ஓட்டுவது என்பதில்தான் சிக்கல். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வெளிச்சம் வந்ததும் பாவு நீட்டிவிடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழை இழுத்துக் கட்டியிருக்கும், சைக்கிள்காரனே இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். மற்ற ரோடுகளில் மாட்டு வண்டி. ஆக மிச்சம் இருந்தது கோயிலைச் சுற்றியிருக்கும் ராஜ வீதிகள். தேர் ஓடுகிற வீதி என்பதால் அகலம். மூலைக்கு மூலை நல்ல திருப்பம். அந்நேரத்தில் பால்காரரையும் கோலம் போடுகிறவர்களையும் விட்டால் ஆள் கிடையாது. அவர்களும் எங்கள் சத்தத்துக்குப் பழகி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பால்கார அம்மா மட்டும், "இன்னாபா, சாமிக்கு முன்னாடி நீங்க எழுந்துக்கறீங்க" என்று தினமும் வைவாள்.

சாமுவேல் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவான். "மூலைல திரும்பும்போது வண்டி சாயுதுண்ணா" என்பான். தாமோதரன் குனிந்து சாய்கிற பக்கத்துத் திருகை ஒரு கிளிக் இறுக்குவார். மறுபடி சுற்று. "இப்ப பரவால்ல, ஆனா பின்னாடி கொஞ்சம் நழுவுது." இன்னொரு கிளிக். அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில், உயரம் கொடுக்க, நான் ஒரு இரும்புத் தட்டும் வைத்தேன். ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருகிறான், அதனால் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால்தான் நியாயம் என்று மூன்று பேருக்கும் பட்டது. கடைசியில் வண்டி மூலையில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. தாமோதரன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மெட்ராஸுக்குப் புறப்படுகிற நாள் வந்தது. வண்டியை ஏற்றிக்கொண்டு போக லாரி வாசலில் நின்றது. மறுநாள் காலை பந்தயத் தளத்தில் பயிற்சி. அதற்கு வராத வண்டி பந்தயத்தில் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஷெட்டில் பூஜை. தாமோதரன் பட்டு ஜிப்பாவில் வந்திருந்தார். அவருடைய அம்மா, கடை ஆட்கள், அக்கம்பக்கம் எல்லாரும் கூடிவிட்டார்கள். பூசணிக்காய் தயாராக இருந்தது. சாமுவேல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

டயருக்குச் சந்தனம் வைக்க நான் குனிந்தேன். இடது பக்க டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எழுந்து இந்தப் பக்கம் வந்து வலது டயருக்கு வைக்கப் போனேன். புது டயரில் மெல்லிசாக மயிர் மாதிரி ரப்பர் முளைத்திருக்குமே, அது வலது டயரின் வெளி ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான்கும் ஒரே நாளில் போட்ட டயர். சந்தனக் கிண்ணத்தோடு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சாமுவேலு, இங்க வா. மெட்ராஸ்ல அந்தத் தளத்த நடந்து பாத்துட்டு வந்தியே, வளைவெல்லாம் எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கை பக்கம்ண்ணா. ஒண்ணே ஒண்ணுதான் சோத்தாங்கை பக்கம் வருது."

"நாம இங்க எந்தப் பக்கம் ஓட்னோம்?"

அவன் விரலால் வலமாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினான்.

எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றுவது என்றால் வலமாகத்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும், வண்டியும் அப்படித்தான் போனது. தினமும், ஒவ்வொரு சுற்றும், சோற்றுக் கைப் பக்கம் மட்டுமே திரும்பியிருக்கிறோம். அப்படித் திரும்பும்போது பாரம் இடது பக்கம் விழும். அது சாய்கிறது சாய்கிறது என்று இடது பக்கத்தையே இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். வலது பக்கத்தை யாரும் வேலை வாங்கவே இல்லை.

நான் தாமோதரனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மொதலாளி, வண்டிய ஏத்த வேணாம்."

"ஏம்பா, என்னாச்சு?"

"இவ்ளோ நாளா நாம வலமாவே சுத்திக்கினு இருந்துட்டோம்."

"கோயில பின்ன எப்படிப்பா சுத்துவாங்க?"

"அதத்தான் சொல்றேன். இடது பக்கம் கல்லு மாதிரி இருக்குது, வலது பக்கம் தொளதொளன்னு கெடக்குது. அங்க வளைவெல்லாம் இடது பக்கம். வேகமா ஒடிச்சா வண்டி வலது பக்கம் படுத்துக்கும், பின்பக்கம் தூக்கி வீசும். எல்லாத்தையும் கழட்டித் திரும்ப வெக்கணும். ஒரு நாள் வேணும்."

"ஒரு நாளா? லாரிக்காரன் நிக்கிறான்பா. நாளைக்குக் காலைல நாம அங்க இல்லேன்னா எல்லாம் போச்சு. வீசும்னு உனக்கு எப்படித் தெரியும்? பாத்தியா?"

"பாக்கல. திருப்பிச் சுத்திப் பாத்தாதான் தெரியும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பூஜை போட்ட வண்டிய அப்பிரதட்சணமா சுத்தச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா வாயில வர்ற பேச்சா இது? நீ மெக்கானிக்கா, ஜோசியக்காரனா?"

குரல் உயர்ந்ததால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாமோதரன் கோபக்காரர் இல்லை. அவருக்கும் உள்ளுக்குள் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், அதனால்தான் சாமுவேலைக் கூப்பிட்டார்.

"சாமுவேலு, ஓட்டப் போறது நீ. நீயே சொல்லு. பயமா இருக்குதா?"

"இல்ல மொதலாளி. ஓட்டிடுவேன்."

"கேட்டியா ஏகாம்பரம்? ஓட்றவனே சொல்லிட்டான்."

கேட்டேன். அவன் சொன்னதையும் கேட்டேன், சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்ததையும் பார்த்தேன். தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அப்போது உறுதியாக எதுவும் தெரியாது. இரண்டு டயரில் இருந்த தேய்மானம்தான் என் சாட்சி. பூஜை நடந்துவிட்டது, லாரி நிற்கிறது, ஊர் கூடியிருக்கிறது, ஓட்டுநரே சரி என்கிறான். வாயை மூடிக்கொண்டு ஏற்றி அனுப்பிவிட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவன் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். பந்தயம் என்றால் அப்படித்தான் என்பார்கள். அதை நினைத்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அவன கேக்காதீங்க மொதலாளி. நீங்க ஏறி அவன் பக்கத்துல உட்காருங்க. ஏனாத்தூர் பக்கம் ஏரி வத்திக் கெடக்குது, தரை இறுகிப்போய்க் கெடக்குது. முட்டிக்க அங்க ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தரம் பீச்சாங்கை பக்கம் ஒடிக்கட்டும். ஒண்ணும் ஆவலேன்னா நானே லாரில ஏத்தி, நானே கூட வரேன்."

தாமோதரன் பேசுவதற்குள் அவருடைய அம்மா முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வத்து நாயனா, வத்து. நாகு பயமுகா உந்தி." வேண்டாமப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறார். அங்கே நின்ற எல்லாருக்கும் அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும், சாமுவேலுக்கும் தெரியும்.

"ஆபத்து இல்லன்னுதானேம்மா அவரு சொல்றாரு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் வாயை விட்டு வந்துவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாமுவேலைப் பார்த்தார். மெதுவாகப் பிள்ளையின் கையை விட்டுவிட்டார். தாமோதரன் ஏறி உட்கார்ந்தார்.

ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் கத்தி விரட்டிவிட்டுக் கரையில் நின்றேன். முதலில் பழகின பக்கமே வளையச் சொன்னேன். சாமுவேல் வலது பக்கம் ஒரு பெரிய வட்டம் போட்டான். அடடா, என்ன அழகு! வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. தாமோதரன் எழும்பிப் பார்த்து என்னை நோக்கிக் கையை ஆட்டினார், சிரிப்பு வேறு. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு நேராக வந்து, அதே வேகத்தில், இடது பக்கம் ஒடித்தான்.

வண்டி வலது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. அடுத்த நொடி பின்பக்கம் எகிறி முன்னால் வந்தது. தட்டாமாலை சுற்றுவது மாதிரி சுற்றியது. பிறகு புழுதியில் ஒன்றுமே தெரியவில்லை. என்ஜின் நின்றுபோன சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடினேன், "மொதலாளி, சாமுவேலு" என்று மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. வண்டி வந்த திசையையே பார்த்து நின்றுகொண்டிருந்தது. தாமோதரன் இறங்கினார். ஜிப்பாவெல்லாம் புழுதி, தட்டிவிடக்கூட இல்லை. கொஞ்ச தூரம் நடந்து போய்த் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்:

"சாமுவேலு, இப்ப சொல்லு. பயமா இருக்குதா?"

"இல்ல மொதலாளி" என்றான் அவன். உதடு வெளுத்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மொதலாளி, வேன் வேலைய மொதல்ல குடுங்க. குடுத்துட்டு அப்புறம் கேளுங்க" என்றேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அவருக்கும் புரிய நேரம் பிடித்தது. எழுந்து வண்டிக்கு அருகில் வந்து, கதவின் மேல் கையை வைத்தார்.

"வேன் உன்னுதுபா. நாளைக்கு வந்து சாவிய வாங்கிக்க. நீ மெட்ராஸுக்கு வந்தாலும் உன்னுது, வரலேன்னாலும் உன்னுது. எங்கம்மா மேல ஆணை."

மறுபடி பயமா என்று அவர் கேட்கவில்லை. சாமுவேல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பயமா இருக்குது மொதலாளி. ரொம்ப பயமா இருக்குது. எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கு ஒரு நாளு பெட்ரோல் பங்க்குக்குள்ள கொஞ்சம் வேகமா பீச்சாங்கை பக்கம் ஒடிச்சேன், தூக்கிப் போட்டுச்சு. அதுலேர்ந்து தூக்கமே கெடையாது. சொன்னா வேற ஆள பாத்துடுவீங்கன்னு சொல்லல."

அவன் அழுதான். தாமோதரன் அவன் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். லாரி அன்றைக்குக் காலியாகத் திரும்பிப் போனது. வண்டியை மெட்ராஸுக்கு அவர் கொண்டுபோகவில்லை, அந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஏரியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கரை ஏறும்போது நான் சாமுவேலைத் திட்டினேன். "அறிவு இருக்குதாடா உனக்கு? அவருகிட்ட சொல்லல, சரி. நான் உன் ஊர்க்காரன்தானே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவன் தள்ளுவதை நிறுத்தாமல், கோபமும் இல்லாமல் சொன்னான்: "நீங்களும் அவரு ஆளுதானேண்ணா."

எனக்குச் சுருக்கென்று தைத்தது, இன்றைக்கும் தைக்கிறது. நான் அவனோடு டீ குடித்தேன், அவன் ஓட்டிவிட்டு வந்து சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேன், அவனுக்காக முதலாளியிடம் வாதாடவும் செய்தேன். அத்தனைக்கும் பிறகும் அவன் கண்ணுக்கு நான் முதலாளி பக்கத்து ஆள்தான். ஸ்பானரைக் கையில் பிடித்திருக்கும்வரை நீங்களும் அப்படித்தான். வண்டியில் ஏறப்போகிறவனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதை அவன் உங்களிடம் வந்து சொல்வான் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.